மேனேஜர் கூடுதல் வேலை கொடுத்தால் என்ன சொல்வது? கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

"இந்த மாசத்துலருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டையும் நீயே பார்த்துக்க தம்பி."

கணக்குப் பிரிவில் கூடுதல் வேலை பெரும்பாலும் இப்படி ஒரே வரியில்தான் வந்து சேரும். அதற்கென்று கடிதம் வராது, யாரும் கூட்டிவைத்துப் பேசவும் மாட்டார்கள். மேனேஜர் போகிற போக்கில் உங்கள் மேசைப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போவார். நீங்களும் "சரிங்க சார்" என்பீர்கள். எதற்குச் சரி சொன்னோம் என்ற யோசனை அவர் போன பிறகுதான் வரும்.

கோவையில் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்த கையோடு வருகிற பிள்ளைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போட இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் வேலைக்கு மேல் வேலை வரும்போது எப்படிப் பேசுவது என்பதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அது தெரியாமலேயே எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு வருடத்தில் சலித்துப்போய் வேலையை விட்ட நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: நின்ற இடத்திலேயே "சரி" என்றும் சொல்லாதீர்கள், "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். தேதியோடு பதில் சொல்லுங்கள். நம் பிரிவில் ஏறக்குறைய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, அதை அரசே குறித்து வைத்திருக்கிறது. உங்கள் குரலைவிட அந்தத் தேதிக்கு மேனேஜர் அதிகம் காது கொடுப்பார்.

அந்த நிமிடத்தில்

வேலையைச் சொன்னதும் இப்படிச் சொல்லலாம்: "சரிங்க சார், கையில இருக்கறதை ஒருவாட்டி பார்த்துட்டு நாலு மணிக்கு வந்து பேசறேனுங்க." இதில் மறுப்பு எதுவும் இல்லை, மேனேஜர் முகம் சுளிக்கவும் வழியில்லை. ஆனால் நேரத்தைச் சொல்வது முக்கியம். "அப்புறம் சொல்றேன்" என்றால் தட்டிக்கழிக்கிறான் என்று நினைப்பார்கள். நாலு மணி என்று சொன்னால் நாலு மணிக்குப் போய் நிற்க வேண்டும்.

அவர் நகர்வதற்குள் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதைக்குள் வேண்டும்? இதுவரை யார் பார்த்தார்கள்? இந்த ஒரு தடவைக்கு மட்டுமா, இனி மாதா மாதமா?

இந்த மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஒருவர் லீவில் போயிருக்கிறார், அவருடைய வேலையை ஒரு வாரம் பார்ப்பது, உடன் வேலை செய்கிறவருக்குச் செய்யும் உதவி. அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், மனதாரச் செய்யுங்கள். ஆனால் வேலையை விட்டுப் போனவரின் வேலை அப்படியே உங்கள் மேசைக்கு வருகிறது என்றால் அது வேறு. அது உங்கள் வேலையின் அளவையே மாற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே "சரி"யைச் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து மனதுக்குள் புழுங்குவதில் பயனில்லை.

ஒரு விதிவிலக்கு. இன்றைக்கே கடைசித் தேதியாக இருந்தால் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். 7ஆம் தேதி மத்தியானம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) சலான் போடச் சொன்னால் முதலில் போட்டுக் கட்டிவிட்டு, மறுநாள் பேசுங்கள்.

கையில் இருப்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மனதில் வைத்திருப்பது பேச்சுக்கு உதவாது, தாளில் இருக்க வேண்டும். மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் கம்பெனி என்றால் உங்கள் தாள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

7 – டி.டி.எஸ். கட்ட (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை)
11 – ஜி.எஸ்.டி.ஆர்.-1 (நம் விற்பனை பில் விவர ரிட்டர்ன்)
14 – 2பி (நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல்) வந்துவிடும், பர்ச்சேஸ் பில்லோடு ஒப்பிட
15 – பி.எஃப்., இ.எஸ்.ஐ.
20 – ஜி.எஸ்.டி.ஆர்.-3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்)
தினமும் – பர்ச்சேஸ் பில் என்ட்ரி, பேங்க் என்ட்ரி
மாதக் கடைசி – பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு நம் கணக்கை ஒப்பிடுவது), சம்பளத்துக்கு அட்டெண்டன்ஸ் சரிபார்ப்பு

ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து, காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையை எடுத்திருந்தால் ஜி.எஸ்.டி. தேதிகள் மாறும். உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் கேட்டு அந்தத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

தாளைப் பார்த்தாலே தெரியும்: 10லிருந்து 20 வரை மூச்சுவிட இடமில்லை, 22க்கு மேல் கொஞ்சம் காற்றோட்டம் இருக்கிறது. பி.எஃப். வேலை உங்களால் முடியாத வேலை அல்ல. அது நெரிசலின் நடுவில் 15ஆம் தேதியில் வந்து உட்காருகிறது, பிரச்சினை அவ்வளவுதான். மேனேஜரிடம் காட்ட வேண்டியதும் இதைத்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நேரத்தை அதிகமாக்கி எழுத வேண்டாம். உங்கள் மேனேஜரும் ஒரு காலத்தில் அதே பில்லை என்ட்ரி போட்டவர்தான். நூறு பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு இடத்தில் மிகையாக எழுதியது தெரிந்தால் தாள் முழுவதையும் நம்ப மாட்டார்.

தவறினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்று பேசுவதற்கு அதுதான் அடிப்படை. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. டி.டி.எஸ். ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பி.எஃப். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் தண்டத்தொகையும் வரலாம். ஜி.எஸ்.டி.ஆர்.-1 11ஆம் தேதியைத் தாண்டினால் நம் பில் அந்த மாதம் வாங்குபவரின் 2பியில் வராது. அவர்கள் போனில் பிடிப்பார்கள், பேமென்ட்டையும் நிறுத்தி வைப்பார்கள். இதோடு பார்த்தால் பேங்க் ரீகன்சிலியேஷன் மூன்று நாள் தள்ளிப்போவது பெரிய விஷயமில்லை.

உட்கார்ந்து பேசும்போது

தாளை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் வாக்கியத்தில் விருப்பத்தைச் சொல்லுங்கள், இரண்டாவதில் தேதியைச் சொல்லுங்கள், மூன்றாவதில் அவரையே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

"சார், பி.எஃப். வேலையைக் கத்துக்க எனக்கு ஆசைதானுங்க. 11ந் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 14ல 2பி, ரெண்டும் எங்கிட்டத்தான் இருக்குது. இது 15ங்க. அந்த அஞ்சு நாளைக்கு மட்டும் பர்ச்சேஸ் என்ட்ரியை வேற யாராச்சும் போட்டாங்கன்னா இதை நான் சுத்தமா முடிச்சிருவேனுங்க. இல்லீன்னா எதைப் பின்னால தள்ளறதுன்னு நீங்களே சொல்லிருங்க சார்."

ஆசை என்று சொன்னது முகஸ்துதிக்காக அல்ல. கூடுதல் வேலையில் சிலது உண்மையிலேயே வரம். பர்ச்சேஸ் என்ட்ரி மட்டும் தெரிந்தவருக்கும், சம்பளப் பட்டியலிலிருந்து இ.சி.ஆர். (பி.எஃப். மாத ரிட்டர்ன்) தயார் பண்ணிச் சலான் வரைக்கும் போடத் தெரிந்தவருக்கும் அடுத்த கம்பெனியில் கிடைக்கும் சம்பளம் வேறு. டி.டி.எஸ். ரிட்டர்ன், ஆடிட்டருக்கு ஷெட்யூல் தயாரிப்பது, பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பது, இவை உங்களிடம் வந்தால் விட்டுவிடாதீர்கள். ஃபைலிங், ஜெராக்ஸ், கூரியர் என்று கைவேலை மட்டுமே குவிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எதைக் கேட்கலாம்? ஒரு வேலையை வேறொருவரிடம் மாற்றித்தரக் கேட்கலாம். ஒரு வேலைக்குத் தேதி நீட்டிப்புக் கேட்கலாம். "முதல் மாசம் மட்டும் கூட உட்கார்ந்து காட்டச் சொல்லுங்க சார்" என்று துணை கேட்கலாம். வேலையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பிரச்சினையை மட்டும் சொல்லிவிட்டு நின்றால், அதைத் தீர்க்கிற வேலையும் மேனேஜர் தலையில் விழுகிறது. அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார், அங்கிருந்து வந்த சுமையைத்தான் பெரும்பாலும் இறக்கி வைக்கிறார்.

சொல்லக்கூடாத ஒன்றும் இருக்கிறது: "அவர் சும்மாதானே சார் உட்கார்ந்திருக்கார், அவருக்குக் கொடுங்க." இது ஒரே நாளில் ஆபீஸ் முழுக்கப் போய்விடும். பக்கத்து மேசைக்காரரின் வேலையின் அளவு உங்களுக்குத் தெரியாது. அவரோடு இன்னும் பல வருடம் வேலை பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகு, "எல்லாமே முக்கியந்தான் தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்று சொல்லிவிட்டால்? நிறைய மேனேஜர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வாதாடாதீர்கள். நீங்களே ஒரு வரிசையைச் சொல்லி அதற்குத் தலையாட்ட வையுங்கள்: "அப்ப 11 வரைக்கும் ஜி.எஸ்.டி.ஆர்.-1, அப்புறம் பி.எஃப். முடிச்சர்றேனுங்க. 2பி ஒப்பிடறதை 16லருந்து ஆரம்பிக்கறேன். பர்ச்சேஸ் பில்லு நாலு நாள் தேங்கும், பரவால்லீங்களா சார்?" தேங்கும் என்ற வார்த்தையை அவர் காதில் போட்டாயிற்று. "சரி" என்று அவர் சொன்னால் அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

அன்றைக்கே எழுத்தில் வையுங்கள்

இந்தப் படியை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வேலையில் சேர்ந்த புதிதில், பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அவசரம், டி.டி.எஸ்.ஸை அப்புறம் பார்க்கலாம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னார். நானும் ஸ்டாக்கில் மூழ்கிவிட்டேன். டி.டி.எஸ்.ஸை 8ஆம் தேதி கட்டினோம். ஒரே நாள் தாமதம்தான். ஆனால் அந்த வட்டி நாள் கணக்கில் வராது, மாதம் ஒன்றுக்கு 1.5 சதவீதம் என்று வரும், பிடித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. போன மாதம் பிடித்ததை இந்த மாதம் 8ஆம் தேதி கட்டினால் இரண்டு மாத வட்டி, அதாவது 3 சதவீதம். ஆடிட்டர் கேட்டபோது முதலாளி மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, சொன்னதை உண்மையிலேயே மறந்திருந்தார். என்னிடம் காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் பேசி முடித்த அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ நாலு வரி அனுப்பிவிடுங்கள்:

"வணக்கம் சார். இன்று பேசியபடி இந்த மாதத்திலிருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையை நான் பார்க்கிறேன். 15ஆம் தேதிக்குள் சலான் கட்டியாக வேண்டும். 11 முதல் 15 வரை பர்ச்சேஸ் என்ட்ரி நிற்கும், 16க்கு மேல் முடித்துவிடுகிறேன். மாற்றம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள் சார். நன்றி."

குற்றம் சாட்டுகிற தொனி எங்கும் வரக்கூடாது. "நீங்கள்தான் சொன்னீர்கள்" என்ற வார்த்தையே வேண்டாம். இரண்டு பேருக்கும் ஞாபகத்துக்காக எழுதுகிற குறிப்பு இது. அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

பொறுப்பை எண்ணி வாங்குங்கள்

வேலையை ஒப்புக்கொண்டதும் அடுத்த நிமிடமே தொடங்கிவிடாதீர்கள். முன்னால் பார்த்தவர் எந்த நிலையில் விட்டுப்போனார் என்று பாருங்கள். இதில் செலவழிக்கிற அரை நாள் பிறகு பல வாரத் தலைவலியைத் தடுக்கும்.

பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான ரொக்கம்) உங்கள் கைக்கு வந்தால், கொடுப்பவர் முன்னிலையில் நோட்டு வாரியாக எண்ணுங்கள். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி, டேலியில் இருக்கிற இருப்போடு பொருந்துகிறதா பாருங்கள். 340 ரூபாய் குறைந்தால் அன்றைக்கே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம ஆளுதானே" என்று எண்ணாமல் வாங்கினால் அந்த 340 ரூபாய் நாளைக்கு உங்கள் பெயரில் நிற்கும். எண்ணி வாங்குவதை யாரும் அவமரியாதையாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் எண்ணுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்றால் கடந்த மூன்று மாதச் சலானைக் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் யாருக்காவது யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) எடுக்காமல் இருக்கிறதா, இ.எஸ்.ஐ. நம்பர் போடாமல் இருக்கிறதா, விட்டுப்போனவர்களுக்கு விலகிய தேதி ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் ஒரு தொழிலாளியின் ஆஸ்பத்திரிச் செலவும் சேமிப்பும் சம்பந்தப்பட்ட விஷயம். நம்பர் போடாமல் விட்ட ஒருவர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது போன் உங்களுக்குத்தான் வரும்.

லாகின், பாஸ்வேர்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பேங்க் வேலை வந்தால், உங்கள் பெயரில் தனி யூசர் ஐ.டி. கேளுங்கள். பணம் அனுப்பும் என்ட்ரியை நீங்கள் போடலாம், அதற்கு ஒப்புதல் முதலாளியோ மேனேஜரோதான் கொடுக்க வேண்டும். "என்னோட பாஸ்வேர்டு இதுதான், ஓ.டி.பி. போன்ல சொல்றேன், நீயே அனுப்பிரு" என்பது சின்னக் கம்பெனிகளில் வெகு சாதாரணம். நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு தொகை தவறிப்போனால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இருக்காது. முதலாளியின் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் அப்படித்தான். அதை உங்கள் டிராயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். "அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார், ஃபைல் பண்ற அன்னிக்கு வாங்கிக்கறேன்" என்று சொல்லுங்கள்.

முதல் மாதம்

கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். 12ஆம் தேதியே "சம்பளப் பட்டியல் வந்துருச்சுங்க சார், ரெண்டு பேருக்கு ஆதார்ல பேர் ஒத்துப்போகலை" என்று சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. 15ஆம் தேதி சாயங்காலம் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. தெரியாததைத் தெரியாது என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். நாலாவது மாதத்தில் அதே கேள்வியைக் கேட்டால் பார்வை மாறும்.

மறுக்க வேண்டிய இடம்

சில வேலைகளுக்குத் தேதி, வரிசை எதுவும் பேசக்கூடாது. சரக்கே வராத பில்லை என்ட்ரி போட்டு ஜி.எஸ்.டி. கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கச் சொல்வது, வேறொருவர் கையெழுத்தை வவுச்சரில் போடச் சொல்வது, பழைய தேதியில் ரசீது தயாரிக்கச் சொல்வது. சரக்கு வந்து சேர்ந்தால்தான் கிரெடிட் எடுக்க முடியும் என்பது சட்டம். மரியாதையாகவே மறுக்கலாம்: "இந்த பில்லுக்குச் சரக்கு உள்ள வந்ததுக்கு எண்ட்ரி இல்லீங்க சார். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என்னால போட முடியாதுங்க." மறுபடியும் மறுபடியும் வற்புறுத்துகிற இடமாக இருந்தால் வேறு வேலை தேடுங்கள். உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுதான் ஆகிறது. பெயரைக் கெடுத்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

நேரமும் சம்பளமும்

மார்ச் கடைசியிலும், ஆடிட் முடிக்க வேண்டிய செப்டம்பரிலும் இருட்டும் வரை உட்கார வேண்டி வரும். அது இந்தத் தொழிலின் இயல்பு. அதற்கு ஈடாக வேலை குறைந்த வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்பதில் தவறில்லை. பஸ் நேரத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள், "கடைசி பஸ்ஸு எட்டேகாலுக்குங்க சார், அதுக்கு மேல இருக்கணும்னா வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதில் தயங்க எதுவுமில்லை.

ஆனால் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு நாளும் எட்டு மணி தாண்டுகிறது என்றால் நீங்கள் இரண்டு ஆள் வேலை பார்க்கிறீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுக்கிறது, அதற்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. சின்ன ஆபீஸ்களில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். முதல் பேச்சிலேயே சட்டத்தை நீட்ட வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சம்பளத்தைப் பற்றி, கூடுதல் வேலை வந்த அன்றைக்கே கேட்காதீர்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டு, சம்பள உயர்வு முடிவாவதற்கு முன்னால், பெரும்பாலான இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில், போய்க் கேளுங்கள். இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்: சேர்ந்த அன்று என்னென்ன வேலை, இன்று என்னென்ன வேலை. "சேரும்போது பர்ச்சேஸும் பேங்க்கும் மட்டுந்தானுங்க சார். இப்ப ஜி.எஸ்.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நாந்தான் பார்க்கறேன், ஒரு சலான்கூட லேட் ஆகலீங்க. இதைப் பார்த்துச் சம்பளத்தைக் கொஞ்சம் கவனிச்சுக் குடுங்க சார்." தொகை கேட்டால் ஒரு தொகையைச் சொல்லுங்கள், "உங்க இஷ்டங்க சார்" என்று விட்டுவிடாதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அந்தத் தேதித் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். புதிதாக எந்த வேலை வந்தாலும் சொன்னவர் முன்னாலேயே பென்சிலால் அதில் எழுதுவாள். நாலைந்து மாதம் கழித்து மேனேஜர் இன்னொரு வேலையோடு அவள் மேசைக்கு வந்தார். தாளைக் குனிந்து பார்த்தார். "15க்குள்ள இடமே இல்லையேம்மா" என்று அவரே சொல்லிவிட்டு, பர்ச்சேஸ் பில் கட்டை எடுத்து அடுத்த மேசையில் வைத்தார்.